வெள்ளம் கண்ட வண்டி: வாங்கலாமா, வேண்டாமா?

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். இடவப்பாதி போனால் துலாவர்ஷம் வரும். தம்பானூரிலும் கிழக்கே கோட்டையிலும் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. 2023 அக்டோபர் நடுவில் பெய்த மழையில் கழக்கூட்டம் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததும் நினைவிருக்கும். மழை வடிந்து சில மாதங்கள் சென்ற பின், பழைய கார் விற்கும் இடங்களில் சில வண்டிகள் வந்து நிற்கும். பளபளப்பாக இருக்கும். விலை மட்டும் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட ஒரு வண்டியை நான் ஏறக்குறைய வாங்கிவிட்டேன். முன்பணமும் கொடுத்துவிட்டேன். அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டதை நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் மகள் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை மஸ்கட்டில். சனிக்கிழமைதோறும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்கு மாமியார் வீடு போய் வருவாள். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக ஒரு பக்கத்துக்கே எழுபது கிலோமீட்டர் அளவுக்கு வரும். பஸ்ஸில் குழந்தைகளோடு படும் பாட்டைப் பார்த்து, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் நாலு லட்சம் ஒதுக்கி ஒரு பழைய கார் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். இது 2024 ஜூன் மாதம்.

சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்யும் என் நண்பர், தனக்குத் தெரிந்த ஒரு தரகரை அனுப்பினார். தரகர் கொண்டு வந்தது தூத்துக்குடிப் பதிவு எண் உள்ள, 2020 செப்டம்பரில் வாங்கிய கார். ஓடியது 39,100 கிலோமீட்டர்தான். "ஒரே ஓனர் வண்டி, அண்ணாச்சி. வாத்தியார் வச்சிருந்தது. கீறல் கிடையாது" என்றார். அதே வயதுள்ள அதே மாதிரி வண்டிக்கு வெளியில் ஐந்தரை லட்சம் கேட்டார்கள். இவர் கேட்டது நாலு லட்சத்துப் பத்தாயிரம். நம் ஊர்ப் பேச்சு, நண்பரின் சிபாரிசு, வாத்தியார் வண்டி என்ற மரியாதை எல்லாம் சேர்ந்து, அன்று மாலையே பத்தாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரசீதுகூடக் கேட்கவில்லை. இது என் முதல் தவறு.

ஆசானின் ஒரு வார்த்தை

மறுநாள் வண்டியைக் கரமனையில் எனக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். அங்குள்ள மெக்கானிக்கை எல்லோரும் ஆசான் என்றுதான் அழைப்போம். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தார். முதல் மூன்று முழம் புதிது போல் இருந்தது. கடைசி ஒரு சாண் மட்டும் பழுப்பு நிறமாக, கோடு போட்டது போல் கறை. பிறகு சீட்டை முன்னுக்குத் தள்ளி, அது ஓடும் இரும்புத் தண்டவாளத்தின் திருகுகளைக் காட்டினார். துரு. டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். அதற்கடியில் உள்ள குழியின் மூலையில் உலர்ந்த வண்டல் மண்.

"சாரே, இது வெள்ளம் கேறிய வண்டியாணு" என்றார்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். நம் தமிழில் பெருவெள்ளம். அன்று இரண்டு மொழியிலும் அந்தச் சொல் சரியாகவே இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னையில் 2015 டிசம்பரிலும், கேரளத்தில் 2018 ஆகஸ்டிலும் நடந்ததுபோல, அங்கும் எண்ணற்ற வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்றன.

வெளிநாட்டில் முத்திரை, நம் நாட்டில் மௌனம்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் அன்பர்களுக்கு 'சால்வேஜ் டைட்டில்' என்ற சொல் பழக்கமாக இருக்கலாம். அங்கே ஒரு வண்டி விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் அந்த வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். பிறகு பழுதுபார்த்துச் சோதனையில் தேறினால் 'மீண்டும் கட்டப்பட்டது' என்று மாற்றி எழுதுவார்கள். எத்தனை கை மாறினாலும் அந்த அடையாளம் கூடவே போக வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரு மாநிலத்து முத்திரையை இன்னொரு மாநிலத்தில் பதிவுசெய்து துடைத்துவிடும் மோசடி அங்கும் உண்டு என்பது வேறு விஷயம். பிரிட்டனிலும் 2017 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட வண்டிகளை ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு வகையும் மறுபடி சாலைக்கே வரக் கூடாது. எஸ் என்றால் வண்டியின் கட்டுமானத்தில் அடி. என் என்றால் கட்டுமானத்தில் அடியில்லை.

நம் நாட்டுப் பதிவுச் சான்றில், அதாவது நாம் ஆர்.சி. புக் என்று சொல்வதில், இப்படி எழுத ஓர் இடமே இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. வண்டி அழிந்துவிட்டாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் போய்விட்டாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது கூடிய விரைவில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அவர்கள் பதிவை ரத்து செய்வார்கள். ஆனால் 'டோட்டல் லாஸ்' என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி தீர்மானிக்கும் எல்லா வண்டியும் 'நிரந்தரமாகப் பயன்படாதது' ஆகிவிடுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

டோட்டல் லாஸ் என்பது பணக் கணக்கு

டோட்டல் லாஸ் என்பது இரும்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல, பணத்தைப் பற்றிய கணக்கு. வழக்கமான மோட்டார் பாலிசியில் வண்டிக்கு ஒரு மதிப்பு குறிக்கப்பட்டிருக்கும். ஐ.டி.வி. என்பார்கள். கம்பெனியின் இன்றைய விற்பனை விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழிவு: இரண்டு முதல் மூன்று வயது வரை 30 சதவீதம், மூன்று முதல் நான்கு வரை 40, நான்கு முதல் ஐந்து வரை 50. பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ்.

எட்டு லட்சம் ரூபாய் வண்டிக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் மதிப்பு 5,60,000. அதில் முக்கால் பங்கு 4,20,000. செலவு அதற்கு மேல் போனால் கம்பெனி வண்டியின் மதிப்பைக் கொடுத்து, உடைந்த வண்டியை ஏலத்தில் விடும், அல்லது அதன் விலையைக் கழித்துக்கொண்டு வண்டியை உரிமையாளரிடமே விட்டுவிடும்.

இன்னொரு வண்டியை எண்ணிப் பாருங்கள். பத்து வயதுக் கார், மதிப்பு 1,60,000. முன்பக்கம் மோதி பம்பர், பானெட், ரேடியேட்டர், விளக்குகள் போய்விட்டன. கம்பெனி ஒர்க்‌ஷாப் மதிப்பீடு 1,25,000. இதுவும் டோட்டல் லாஸ்தான், ஏனென்றால் முக்கால் பங்கு 1,20,000. ஆனால் இந்த வண்டியின் எலும்புக்கூடு நேராக இருக்கலாம். நல்ல ஆசான் கையில் பாதிச் செலவில் சரியாகிவிடும். திருடு போய், கம்பெனி பணம் கொடுத்த பிறகு கிடைத்த வண்டியும் இப்படித்தான். அதில் குறை எதுவும் இல்லாமலேகூட இருக்கலாம்.

ஆகவே 'டோட்டல் லாஸ் வண்டியா, தொடவே கூடாது' என்பதும் சரியில்லை. 'விலை குறைவு, எடுத்துவிடலாம்' என்பதும் சரியில்லை. எந்த வகை அடி என்று தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும். அதை எழுதி வைக்க நம் நாட்டில் ஏடு இல்லை. அப்படியானால் எங்கே படிப்பது? காகிதங்களின் தேதிகளில்தான்.

தேதிகள் பேசுகின்றன

அன்று இரவு தரகர் தந்த காகிதங்களையெல்லாம் மேசையில் பரப்பி, ஒரு தாளில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதினேன்.

வண்டி பதிவான மாதம் 2020 செப்டம்பர். அப்படியானால் இன்ஷூரன்ஸும் ஆண்டுதோறும் செப்டம்பரில்தானே புதுப்பிக்கப்பட வேண்டும்? தரகர் தந்த பாலிசி 2024 மே மாதம் தொடங்கியது. அதுவும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும். ஒரு வண்டியின் பாலிசி மாதம் திடீரென்று மாறியிருந்தால், நடுவில் பாலிசி அறுந்திருக்கிறது என்று பொருள். டோட்டல் லாஸ் பணம் கொடுத்தவுடன் பழைய பாலிசி முடிந்துவிடும். அறுந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம், கட்ட மறந்திருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது.

புகைச் சான்றும் 2024 மே மாதத்தது. அதற்கு முந்தையது இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் கடைசிப் பதிவு 2023 நவம்பர், 38,400 கிலோமீட்டர். இப்போது 39,100. ஏழு மாதத்தில் 700 கிலோமீட்டர். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி டிசம்பரோடு ஏன் நின்றது?

இன்னொரு தடயமும் உண்டு. முழு பாலிசி உள்ள வண்டியில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்று ஒரு கழிவு காட்டப்பட்டிருக்கும். இழப்பீடு கேட்காமல் ஒவ்வோர் ஆண்டு கடக்கும்போதும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒருமுறை கேட்டால் அடுத்த ஆண்டு பூஜ்யம். ஐந்து ஆண்டாக ஒரே ஆள் வைத்திருக்கும் வண்டியின் பாலிசியில் அது பூஜ்யம் என்றால், போன வருடம் எதற்குப் பணம் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். இந்தச் சலுகை வண்டிக்கு அல்ல, ஆளுக்கு உரியது. ஆகவே விற்பவர் அண்மையில் வாங்கியவராக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ் முடியும் நாள், வங்கிக் கடன் இருக்கிறதா என்பவை தெரியும். அதைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் அங்கே எல்லாம் சரியாக இருப்பதால் வண்டி நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளமும் விபத்தும் அதில் வராது.

தூத்துக்குடி ஆசிரியர்

சர்வீஸ் ரசீது ஒன்றில் முதல் உரிமையாளரின் தொலைபேசி எண் இருந்தது. தயக்கத்தோடு கூப்பிட்டேன். உண்மையிலேயே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்தான். வண்டி எண்ணைச் சொன்னதும் சிறிது நேரம் பேச்சில்லை.

"ஐயா, அந்த வண்டி இன்னும் ஓடுதா?" என்றார். "ஸ்டியரிங் முழுகுற அளவுக்குத் தண்ணி. மூணு நாள் அப்படியே நின்னுது. கம்பெனியில டோட்டல் லாஸ்னு பணம் குடுத்துட்டாங்க. எடுக்க வந்த ஆளு காட்டுன இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். உடைக்கத்தான் கொண்டு போறாங்கன்னு நினைச்சேன்."

அவர் கையெழுத்திட்டவை 29, 30ஆம் எண் படிவங்கள். உரிமை மாற்றத்துக்கானவை. வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பாத வெறும் படிவங்கள். அதனால்தான் ஏலம் எடுத்தவர், பழுதுபார்த்தவர், தரகர் என்று மூன்று கை மாறிய பின்னும் அது 'ஒரே ஓனர்' வண்டியாகவே இருந்தது. மே மாதத்து மூன்றாம் நபர் பாலிசியும் ஆசிரியர் பெயரிலேயே எடுக்கப்பட்டிருந்தது, அவருக்குத் தெரியாமல்.

இதில் அவருக்கு இருந்த ஆபத்தைச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி நாலு கை மாறியிருந்தாலும், பெயர் மாற்றாவிட்டால், விபத்து இழப்பீட்டுக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பு. அன்றே அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் பணம் பெற்ற கடித நகலோடு பதிவுத் தபால் அனுப்பினார்.

வாங்கலாமா என்ற கணக்கு

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா, ஏர்பேக் வேலை செய்யுமா?"

ஆசானிடம் கேட்டோம். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். இந்த வண்டியில் அது எரியவே இல்லை. எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று தெரியும். எரியாமலே இருந்தால் விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். ஏர்பேக்கை விரிக்கச் சொல்லும் சிறு கணினி பெரும்பாலும் நடுக் கன்சோலின் அடியில், தரையோடு ஒட்டி இருக்கும். வெள்ளத்தில் முதலில் முழுகும் பொருள்களில் அதுவும் ஒன்று. வயர்களின் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. அந்தப் பச்சை நாளுக்கு நாள் பரவும் என்றார் ஆசான். இன்று ஓடும், நாளை நடுரோட்டில் நிற்கும். உப்பளப் பக்கத்துத் தண்ணீர் என்றால் துரு இன்னும் வேகமாகத் தின்னும்.

விலைக் கணக்கையும் போட்டோம். மிச்சம் 1,40,000 ரூபாய். ஏர்பேக், அதன் கணினி, வயர்கள் மாற்றினால் அதிலேயே பெரும்பகுதி போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வேறு மாநில வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புதிதாகப் பதிவெண் பெற வேண்டும். கேரள வரி தனி. நாளை நாம் விற்கும்போது உண்மையைச் சொன்னால் விலை பாதி. சொல்லாவிட்டால் அந்தத் தரகருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

நாங்கள் வாங்கவில்லை. தரகர் முன்பணத்தில் ஐயாயிரம்தான் திருப்பித் தந்தார். சாலைக்கடை நண்பர் வருத்தப்பட்டு, மீதி ஐயாயிரத்தைக் கல்லாவிலிருந்து எடுத்து நீட்டினார். "நான் சொன்னதால்தானே அண்ணாச்சி நம்பினீங்க" என்றார். வாங்க மறுத்துவிட்டேன். அவரும் என்னைப்போல் பேச்சை நம்பியவர்தான். இரண்டு மாதம் கழித்து அதே கரமனையில் ஒரு வங்கி ஊழியரிடம் 2017ஆம் ஆண்டு சிறிய கார் ஒன்று 3,80,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மூன்று வயது மூத்தது, கதவில் ஒரு நெளிவு. ஆனால் பாலிசி, சர்வீஸ், புகைச் சான்று எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக இருந்தன. மகள் அதில்தான் நாகர்கோவில் போய் வருகிறாள்.

அன்பர்களுக்குச் சில யோசனைகள்

என் அனுபவத்தையும் ஆசான் சொன்னதையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. வெள்ளத்தில் முழுகிய வண்டி, ஓடும் என்று யார் சொன்னாலும், குடும்பம் பயணம் செய்ய வேண்டாம். எஞ்சினைக் கழுவலாம். கதவுக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடும் வயர்களை முழுக்கக் கழுவ முடியாது.

2. எலும்புக்கூட்டில், அதாவது சேஸிஸிலோ தூண்களிலோ அடிபட்டு ஒட்டவைத்த வண்டியும் வேண்டாம். கதவு ரப்பரை விலக்கிப் பாருங்கள். கம்பெனி வைத்த பற்றுகள் ஒரே இடைவெளியில் வட்டமாக இருக்கும். கையால் வைத்தவை ஒழுங்கில்லாமல் இருக்கும். கண்ணாடிகளில் பெரும்பாலும் தயாரித்த ஆண்டின் குறியீடு இருக்கும். வண்டியைவிடக் கண்ணாடி இளையது என்றால் காரணம் கேளுங்கள்.

3. வெளித்தகடும் விளக்கும் மட்டும் போய் டோட்டல் லாஸ் ஆன பழைய வண்டி, அல்லது திருடுபோய்க் கிடைத்த வண்டி என்றால் யோசிக்கலாம். மூன்று நிபந்தனை: விற்பவர் அதைத் தாமாகவே சொல்ல வேண்டும், சர்வேயரின் மதிப்பீட்டு நகலும் விபத்துப் படங்களும் காட்ட வேண்டும், விலை அதற்கேற்ப நன்றாகக் குறைய வேண்டும். ஏர்பேக் விரிந்திருந்தால் புதியது போட்ட ரசீதும் வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இதை மறைக்க வேண்டாம். மறைத்தால் பின்னால் இழப்பீடு கேட்கும்போது அதுவே வழக்காகும்.

4. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிடுங்கள். உடைந்த வண்டியின் ஆர்.சி.யையும் எண்ணையும் வாங்கி, அதே மாதிரியான திருட்டு வண்டிக்கு மாட்டும் கும்பல்களைப் போலீசார் பல ஊர்களில் பிடித்திருக்கிறார்கள். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ புது வண்ணமோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தேசியக் குற்றப் பதிவகத்தின் இணையதளத்தில், திருடுபோன வண்டிகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

5. முதல் உரிமையாளரோடு நேரில், அல்லது தொலைபேசியிலாவது பேசாமல் பணம் கொடுக்க வேண்டாம். எனக்கு இது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. காப்பாற்றியது நாலு லட்சம் ரூபாயும், அதைவிடப் பெரியவற்றையும்.

6. விற்பவர் வியாபாரி என்றால், பதிவு அலுவலகம் அளித்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 டிசம்பரில் கொண்டுவந்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரி, தம்மிடம் விற்பனைக்கு வந்த வண்டியைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வெறும் படிவத்தோடு அலையும் தரகரிடம் அந்தப் பொறுப்பு இல்லை.

7. முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ரசீதில் ஒரு வாக்கியம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: "இந்த வண்டி வெள்ளத்திலோ விபத்திலோ டோட்டல் லாஸ் ஆனதில்லை. ஆனது என்று தெரிந்தால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தருகிறேன்." நேர்மையானவர் எழுதித் தருவார். தயங்குபவரிடம் வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. வாங்குபவர்களுக்கு மட்டுமல்ல, விற்பவர்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. அடுத்த மழையில் நம் வாசலில் நிற்கும் வண்டியே முழுகலாம். இன்ஷூரன்ஸ் பணம் கைக்கு வந்ததும் நிம்மதியில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பிய பின்னரே கையெழுத்து. நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அதே மாநிலத்தில் விற்றால் 14 நாட்களுக்குள், வேறு மாநிலத்தில் என்றால் 45 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். வண்டி இனி ஓடாது என்ற நிலை என்றால் 55ஆம் பிரிவின்படி ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள்.

அந்தத் தூத்துக்குடி ஆசிரியர் சென்ற பொங்கலுக்குக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். பதிவுத் தபால்களுக்கு ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டதாம், பத்திரமாக வைத்திருக்கிறாராம். "என் கையெழுத்தை நம்பி யாரோ ஒரு குடும்பம் அந்த வண்டியில ஏறியிருந்தா நான் என்ன பண்ணுவேன் ஐயா?" என்று கேட்டார். அந்தக் குடும்பம் என் குடும்பமாக இருந்திருக்கும். நம் நாட்டு ஆர்.சி.யில் முத்திரை இல்லை. ஆகவே முதலில் கையெழுத்திடுபவரும் கடைசியில் பணம் எண்ணுபவரும் கவனமாக இருப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை.